ஒரே ஓட்டில் ஏகமனதாக

போன மாதம் காரைக்காலில் தலைவர்களை உருவாக்கினேன்.

சிரிக்காதீர்கள். அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது — 'சிறுபான்மைச் சமூகச் சிறு விவசாயிகளில் தலைவர்களை உருவாக்கும் ஒருநாள் முகாம்'. உருவாக்குபவர் என்ற இடத்தில் என் பெயர், போட்டோவோடு.

எனக்கும் விவசாயத்துக்கும் உள்ள தொடர்பு மூன்று வேளை சாப்பிடுவதோடு சரி. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் போன் செய்து, "சார், தலைமைப் பண்புகள் பத்தி நீங்க பேசினாத்தான் நல்லா இருக்கும்" என்றால் மறுக்க மனசு வருமா? எனக்கு வரவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்து மூன்று ஸ்லைடு தயாரித்தேன்.

ஏசி ஹால். நெடுங்காட்டுப் பக்கத்து முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து இருபத்திரண்டு பேர். எல்லாரும் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர்க்காரர்கள். முன்வரிசையில் சபுரா பேகம். வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் துபாயில் டிரைவர். இவர் இங்கே குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருக்கிறார்.

நிலத்தின் சொந்தக்காரர் அமீது மாமா பக்கத்து நாற்காலியில் இருந்தார். ஜவுளிக்கடை வைத்திருந்து, வயதாகி மூடியவர். தன் நிலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குச் சந்தேகம். ஆனால் பட்டா அவர் பெயரில்... ஆகவே அவரும் விவசாயி.

முகாம் முடிவில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து வட்டாரப் பாசனக் குழுவில் உறுப்பினராக்குவதாக ஏற்பாடு. அது சும்மா அலங்காரப் பதவி இல்லை. இவர்களுடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் மதகு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. கதவு துருப்பிடித்துப் பாதிதான் திறக்கும். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் இவர்களுடைய கடைமடைக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். அதைக் குழுவில் எடுத்துச் சொல்ல இவர்கள் பக்கத்தில் ஓர் ஆள் கிடையாது. சபுராதான் அந்த ஆள் என்று மற்றவர்கள் வரும்போதே பேசி வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

பதினொன்றரை மணி. நான் ஏழாவது ஸ்லைடில் இருந்தேன் — 'சரியான நேரத்தில் சரியான முடிவு எடுப்பவரே தலைவர்'. சபுராவின் போன் அடித்தது. அன்றைக்குக் கடைமடைக்குத் தண்ணீர் விடும் முறை. மேல்மடையில் யாரோ வாய்க்காலில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று தகவல். சபுராவின் நாற்று ஏற்கெனவே தண்ணீரில்லாமல் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. போயிட்டு ஓடியாந்துர்றேன்" என்று எழுந்தார்.

ஒருங்கிணைப்பாளர் குறுக்கே வந்தார். ரொம்ப நல்ல மனிதர். விதிகளின் மேல் உயிர். "மத்தியானம் கையெழுத்துப் போடலன்னா அட்டெண்டன்ஸ் கிடையாதும்மா. அட்டெண்டன்ஸ் இல்லாதவங்க செலக்‌ஷன்ல நிக்க முடியாது."

சபுரா என்னைப் பார்த்தார். நான் ஸ்லைடைப் பார்த்தேன். 'இந்த ஒரு முறை விட்டுக்கொடுங்களேன்' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நாத்து காஞ்சப்புறம் நான் தலைவராயி என்னங்க பண்றது?" என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பினார். அவ்வளவுதான்... மொத்த ஹாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டது. எனக்குக் கோபம்கூட வந்தது. இன்னும் பதினாறு ஸ்லைடு பாக்கி!

மிஞ்சியவர் அமீது மாமா மட்டும். முழங்கால் வலி என்றார். மதியம் பிரியாணி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்குத் தேர்வு. பதிவேட்டின்படி தகுதியுள்ள வேட்பாளர் ஒருவர். வாக்காளரும் அவரே. அமீது மாமா கூச்சத்தோடு தனக்குத்தானே கையைத் தூக்கினார். 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்கள். சால்வை போர்த்தியவன் நான். சான்றிதழில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

அதே நேரத்தில் சபுரா என்ன செய்துகொண்டிருந்தார்? சண்டை போடவில்லை. மூட்டை அடுக்கியவரின் வீட்டு வாசலில் இருபது பேரோடு உட்கார்ந்து, "வெயில்ல வந்தோம், ஆளுக்கொரு டீ குடுங்க" என்றாராம். அத்தனை பேருக்கும் டீ போடுவதைவிட மூட்டையை எடுப்பது சுலபம் என்று அந்த வீட்டுக்குத் தோன்றிவிட்டது. நாற்று பிழைத்தது. நான் ஒரு ஸ்லைடிலும் டீயைப் பற்றி எழுதவில்லை.

ஆனால் மதகுக் கதவு? அதற்குக் குழுவில்தானே பேச வேண்டும்?

போன வாரம் அமீது மாமாவே போன் செய்தார். "தம்பி, நீங்க போத்துன சால்வை பெரிய தலைவலியாப் போச்சு."

முதல் கூட்டத்துக்கு சபுராவையும் அழைத்துப் போயிருக்கிறார். உறுப்பினர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று அவரை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே கேள்வி: கதவு எத்தனை அடி திறக்கிறது? மாமா, "ஒரு நிமிஷம் வந்துர்றேன்" என்று வெளியே போய், சபுராவிடம் கேட்டுக்கொண்டு வந்து பதில் சொன்னார். எத்தனை ஏக்கர் பாசனம்? மறுபடியும் ஒரு நிமிஷம். நாலாவது தடவை எழுந்தபோது அதிகாரி ஒருவர் பரிவோடு கேட்டாராம்: "பாய், உங்களுக்கு சுகரா?"

"ஆமாங்கன்னுட்டேன் தம்பி. ஆயுசுல நான் சொன்ன ஒரே பொய். அல்லா மன்னிக்கணும்."

ஜவுளிக்கடைக்காரர் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்? நம்பினேன்.

கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். ஒன்று — கதவை மாற்றச் சொல்லி அந்தப் பக்கத்து அதிகாரிகளுக்கு உடனே எழுதுவது. இரண்டு — உறுப்பினரின் உடல்நிலையை முன்னிட்டு, அடுத்த கூட்டத்திலிருந்து அவருடன் ஓர் உதவியாளர் அமரலாம்.

மனசு கேட்கவில்லை. சபுராவுக்குப் போன் செய்தேன். "உங்களுக்குச் சங்கடமா இல்லையாம்மா?"

"இருக்கத்தான் செய்யுது சார். ஆனா கதவு தொறக்கணுமே. மாமாவுக்கு மாத்திரை குடுக்குற ஆளுன்னே எழுதிக்கட்டும்" என்றார். பிறகு, "அன்னக்கி உங்க பேச்சை முழுசாக் கேக்க முடியாமப் போச்சு. கடைசியா என்ன சொன்னீங்க?"

கடைசி ஸ்லைடு நினைவுக்கு வந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்: "தகுதி இருந்தா பதவி தானாத் தேடி வரும்னு..."



"வந்துருச்சு சார். மாத்திரை டப்பாவோட" என்றார். "அதுலதான் என்னத்தப் போட்டு எடுத்துட்டுப் போறதுன்னு தெரியல."

சீரக மிட்டாய் போடச் சொன்னேன். அந்த முகாமுக்காக நான் சொன்னதில் உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.