ஒன்பது என்றேன், பத்துக்கு மேல் வந்தார்

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே என் லோடு ஆட்டோ மாட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் ஓட்டக்குழு பிரான்சிஸ் போன் செய்தான்.

"மாமே, வண்டிய ஓரங்கட்டு."

"ஓரங்கட்ட எடம் எங்க கீது? சொல்லித் தொலைடா."

"ஸ்டெல்லா அக்கா போய்ட்டாங்க. ஆஸ்பத்திரிலயே."

பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நானும் வண்டியை எடுக்கவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் எங்களோடு ஓடியவர்களுக்கு அக்காவைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அம்பத்தூர்க்காரர், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர், மற்றவர்கள் முழங்கால் வலிக்குத் தைலம் தேடும் வயதில் ஓட வந்தவர். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என்னை எழுதச் சொன்னது குழுவின் குற்றம். பிழை இருந்தால் அவர்களைத் திட்டுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் டீக்கடையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் கையில் கட்டிய ஜிபிஎஸ் வாட்ச் காட்டும் தூரத்தை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரே பாதையில் ஓடியிருப்போம், ஆளுக்கொரு தூரம் வரும். அதிகம் சொன்னவர்தான் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். நான் ஒருநாளும் வாங்கியதில்லை.

"உன்ன மாதிரியே உன் வாட்ச்சும் கஞ்சம்டா சேகரு," என்பார் அக்கா. "நேர் கரையில ஒழுங்கா இருக்கு. காட்டுக்குள்ள போனா வளைவையெல்லாம் முழுங்கிடுது."

வாட்ச் விட்டுவிட்டுத்தான் நாம் இருக்கும் இடத்தைக் குறிக்கிறதாம். குறித்த இரண்டு இடங்களுக்கு நடுவே நேர்கோடு போட்டுவிடுகிறதாம். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று நான் வைத்திருந்த விதத்தில் இன்னும் அரிதாகக் குறிக்குமாம். அக்கா விளக்கியபோது நான் பஜ்ஜியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆந்திர எல்லைப் பக்கத்து மலையில் ஒரு காட்டு ஓட்டத்துக்குப் போனோம். அக்கா அன்று ஓடவில்லை. தண்ணீர் கொடுக்கும் இடத்தில் நின்றார். நான் கடைசி ஆள். பாறை விளிம்பில் கால் வழுக்கி, புதர்களைப் பிய்த்துக்கொண்டு ஓர் ஓடைப் பள்ளத்தில் விழுந்தேன். கணுக்கால் பானை மாதிரி வீங்கியது. தண்ணீர் பாட்டில் உடைந்துவிட்டது. ஓடும்போது நான் எடுத்துப்போவது பழைய பட்டன் போன். அதில் உயிர் கொஞ்சம்தான் மிச்சம். அக்காவை அழைத்தேன்.

"அக்கா, ஒம்போது கிலோமீட்டர்ல வுழுந்துட்டேன். கால் போச்சு."

"நம்பரை விடு. சுத்தி என்ன தெரியுது?"

நான் வாயைத் திறந்தேன். போன் அணைந்தது.

வெயில் ஏறியது. நெடுநேரம் கழித்துத் தொலைவில் விசில் கேட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். பதிலுக்குக் கத்தினேன், வறண்ட தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அடுத்த விசில் இன்னும் தொலைவில் கேட்டது. அதற்கடுத்தது இன்னும் தொலைவில். என்னைத் தேடுகிறவர்கள் என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டபடி படுத்திருந்தேன்.

மேலே தேடியவர்களுக்குள் நடந்ததைப் பிரான்சிஸ் பின்னால் சொன்னான். ஒன்பதாவது கிலோமீட்டர் பலகை அருகே ஆளைக் காணோம். களைத்தவன் கூட்டித்தான் சொல்வான், பின்னால்தான் கிடப்பான் என்று எல்லோரும் வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். அக்கா மட்டும் நகரவில்லை.

"மத்தவன் வாட்ச்சுன்னா நீங்க சொல்றது சரி. இவனோடது குறைச்சுதான் சொல்லும். பத்தைத் தாண்டிப் பாக்கணும்."

யாரும் கேட்கவில்லை. தோளில் இரண்டு பாட்டிலோடு தனியாக முன்னால் நடந்திருக்கிறார். பிரான்சிஸ் மனசு கேட்காமல் பின்னால் ஓடியிருக்கிறான்.

பள்ளத்தின் மேலே முதலில் தெரிந்தது அவருடைய சிவப்புத் தொப்பி.

"ஒம்போதுன்னியேடா, பாவி. இது பத்தரை."

"வாட்ச் சொல்லிச்சுக்கா."

"தண்ணியைக் குடி. இந்த ஞாயித்துக்கிழமை டீ உன் தலையில."

பள்ளத்தில் இறங்கி வந்து பாட்டிலை அவரே என் வாயில் வைத்தார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கட்டிலுக்கு மேலே இருந்த திரையில் மூச்சுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். அக்கா ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "அங்க என்னடா பார்வை? என்னைப் பாரு." திரையில் எண் நன்றாக இருந்தது. நம்பி வீட்டுக்கு வந்தேன்.

சேதி சொன்ன அன்று பிரான்சிஸ் போனை வைக்காமல் கேட்டான்: "எந்தத் தூண்கிட்ட கீற? நம்பரு சொல்லு, வரேன்."

தூணில் எண் இருந்தது. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பள்ளத்தில் கேட்ட அந்த ஒரு பேச்சுதான். அதை அப்போதுதான் முதல்முறையாக எடுத்தேன்.

"நம்பர வுடுடா. ஒரு கரும்பு ஜூஸ் வண்டி கீது. பச்சை கேட் போட்ட மாவு மில்லு கீது. எதுத்தாப்புல வேப்பமரம்."

"அங்கேயே இரு மாமே," என்றான். நேராக வந்து சேர்ந்தான்.