ஜெபித்துச் சொல்கிறோம்

"புதிய மூப்பர் குழு ஒருமனதாகப் பணியைத் தொடங்க உதவும்படி, தலைமைத்துவப் பயிற்சியில் நீண்ட அனுபவமும் ஆழ்ந்த தெளிவும் கொண்ட சகோதரி ஒருவரை அழைத்திருக்கிறோம்" என்றது சபையின் அறிவிப்புத் தாள். அந்தச் சகோதரியும் அதைப் படித்தாள். யாரோ வெளியூர்க்காரர் வருகிறார் போலிருக்கிறது, நல்லதுதான் என்று எண்ணித் தாளை மடித்து விசிறிக்கொண்டாள்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். சபை முழுக்க அவளுக்குக் கண்ணாடியக்கா என்றே பெயர். அந்தச் சகோதரி தான்தான் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் விளங்கியது. பாஸ்டர் போன் செய்தபோது எடுத்தவர் கணவர்.

"உன் வேலை என்னன்னு கேட்டாரு. எல்லாருக்கும் தெளிவா தெரியிற மாதிரி பண்றாள்னு சொன்னேன். தப்பா?"

"தலைமைத்துவம் எங்கேருந்து வந்துச்சு?"

"வீட்ல எல்லாம் நீதான்னும் சொன்னேன்."

அச்சாகிவிட்டதை எப்படி மறுப்பது? போனாள்.

முதல் கூட்டம் ஞாயிறு பள்ளி அறையில் நடந்தது. குழந்தைகளின் நாற்காலிகளில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார்கள் மூப்பர்கள். பேச வேண்டியது ஒன்றே ஒன்று. ஆலயத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் காவலாளி குடும்பத்தோடு இருக்கிறார். அதைக் குழுவின் அலுவலகமாக்கலாம் என்று ஒரு யோசனை. காவலாளி டீயோடு வந்து நின்றார்.

"பொண்ணை இங்கே பக்கத்துல ஸ்கூல்ல சேக்கணும். இருக்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

"ஜெபிச்சுப் பாப்போம்" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"ஆமா, ஜெபிப்போம்" என்றார் லாரிக்காரர்.

"கண்டிப்பா ஜெபிக்கணும்" என்றாள் பாட்டு டீச்சர். மற்றவர்களும் அதையே சொன்னார்கள்.

"ஒருமனம், ஸ்தோத்திரம்" என்று பாஸ்டர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

கண்ணாடியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் தலைமையாசிரியரைப் பிடித்து, என்ன முடிவு என்று கேட்டாள். "அதான் வேண்டாம்னு சொல்லிட்டோமே" என்றார். லாரிக்காரரோ, "சரின்னுதானே முடிஞ்சுது? பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். பாட்டு டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே, "முடிவா? இன்னும் பேசவே ஆரம்பிக்கலியே அக்கா" என்றாள். இப்படியொரு ஒருமனத்தை அவள் பார்த்ததே இல்லை.

அந்த வாரமே காவலாளியிடமிருந்து போன் வந்தது. "லாரி அண்ணன் தலையாட்டினாருன்னு நம்பி வெள்ளையடிச்சேங்க்கா. இப்ப ஹெட்மாஸ்டர் சார் அனுப்பினாருன்னு தச்சர் வந்து, அலமாரிக்கு அளவெடுக்கிறாரு. சுவர் இன்னும் காயக்கூட இல்ல. நான் யார் பேச்சைக் கேக்கறது?"

அவளுக்கும் தெரியவில்லை. பாஸ்டரைக் கேட்டால், "நீங்கதாம்மா தெளிவுபடுத்தணும்" என்றார்.

கடையில் ஒரு பெரியவருக்கு வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?"

"ரெண்டுமே நல்லாத்தாம்மா இருக்கு. உனக்கு எது சௌகரியம்?"

"என் சௌகரியத்தை விடுங்க. எழுத்து தெரியுதா?"

"ஒரு எழுத்தும் தெரியல" என்றார் அவர், ஏதோ அவள் மனம் நோகுமே என்று அதுவரை மறைத்துவைத்திருந்தவர்போல.

இரண்டாம் கூட்டம். தலைமையாசிரியர், "நாம ஏற்கெனவே ஜெபிச்சுத் தீர்மானிச்சபடி..." என்று தொடங்கினார்.

"சார், ஜெபிச்சீங்களா?" என்று கேட்டாள் அவள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.

"அது... பொதுவா சொல்றதும்மா" என்றார் கடைசியில்.

லாரிக்காரர் சிரித்தார். "நீ சிரிக்காதப்பா. நீ ஜெபிச்சியா?" என்று அவர் பக்கம் திரும்பினார் தலைமையாசிரியர்.

"வண்டி ஓட்டும்போது நெனச்சேன் சார்."

"முதல் கூட்டத்திலேயே வேண்டாம்னு எப்படிச் சொல்றது? மனஸ்தாபம் வரும்ல?"

"நானும் அதுக்குப் பயந்துதான் சரின்னு சொல்லல."

அதன்பிறகு மனஸ்தாபம் தாராளமாக வந்தது. அலுவலகம் இல்லாத குழு ஒரு குழுவா என்றார் இவர். ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டு யாருக்கு அலுவலகம் என்றார் அவர். பாட்டு டீச்சரின் குரல் இருவருக்கும் மேலே ஏறியது. "ஒருமனம் போச்சேம்மா" என்று பாஸ்டர் கண்ணாடியக்காவின் காதில் புலம்பினார். போனதா, வந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கத்திக் களைத்தபிறகு ஜெபித்தார்கள், இந்த முறை நிஜமாகவே. முதலில் கண்ணைத் திறந்தவர் பாஸ்டர். மற்றவர்கள் இன்னும் மூடியிருப்பதைப் பார்த்து அவசரமாகத் திரும்ப மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தலைமையாசிரியர் வேண்டாம் என்றார். மற்ற எல்லோரும் இருக்கட்டும் என்றார்கள்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன், எல்லாரும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் தலைமையாசிரியர். பிறகு, "அந்தப் பொண்ணை எந்த ஸ்கூல்ல சேக்கறாராம்? அங்கே எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றார்.

கண்ணாடியக்கா செய்தது இவ்வளவுதான். ஜெபித்தீர்களா என்று கேட்டாள். பதில் வரும்வரை பேசாமல் இருந்தாள். கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் போய்க் காவலாளியிடம், "நீங்க இங்கேயே இருக்கலாம்" என்று சொன்னாள்.