நான் ஓம் போட்ட கணக்கு

எங்கள் வீட்டில் கிழமை நாட்களில் நானும் மருமகளும்தான். மகனுக்கு வவுனியாவில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு பின்னேரம் திரும்பிவிடுவான். மாமியும் மருமகளும் தனியே இருக்கும் வீட்டில் சத்தம் கேட்கும் என்று ஊரில் எதிர்பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டதில்லை. அவளும் என்னைப் போலக் கூச்சக்காரி. பின்னேரத் தேத்தண்ணி அவள்தான் போடுவாள். இஞ்சியைத் தட்டி நிறையப் போட்டுக் கொண்டுவந்து, "நல்லாயிருக்கோ மாமி?" என்பாள். "ஓம்" என்பேன். அநேகமான நாட்களில் அவ்வளவுதான் எங்கள் கதை.

அவள் கம்ப்யூட்டர் படித்தவள். யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பனியில் வேலை செய்தாள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது அவளையும் நிறுத்திவிட்டார்கள். பல இடங்களுக்கு எழுதிப் போட்டதில் கொழும்புக் கொம்பனி ஒன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அது சரிவராவிட்டால் அவள் கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்கி வேலை தேடுவது, என்னைப் பண்டத்தரிப்பில் என் தங்கை வீட்டில் விடுவது என்று மகனும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். "அம்மா, உங்களுக்குச் சம்மதமோ?" என்று மகன் கேட்டான். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக எள்ளளவும் மனமில்லை. ஆனால் ஓம் என்றேன்.

இன்டர்வியூவுக்கு முதல்நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"மாமி, ஒரு உதவி செய்வீங்களோ? நாளைக்குக் கணக்குக் குடுப்பினம். செய்தால் மட்டும் காணாது, வாயாலை சொல்லிச் சொல்லிச் செய்ய வேணும். எனக்கு வாய்தான் வராது. நீங்கள் முன்னாலை இருங்கோ, உங்களுக்குச் சொல்லிப் பாக்கிறன்."

"எனக்கு என்ன பிள்ளை விளங்கப் போகுது? நான் ஐஞ்சாம் வகுப்பு."

"அதுக்குத்தான் மாமி. உங்களுக்கு விளங்கினால் ஆருக்கும் விளங்கும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தேன்.

போன வருசத்துக் கலண்டரின் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஐந்து பெட்டி கீறினாள். உள்ளே மூன்று, நான்கு, இரண்டு, ஐந்து, ஒன்று என்று எழுதினாள். இதற்குப் பெயர் அணியாம். கிரிக்கெட் அணியாக இருக்குமோ என்று நினைத்தேன், கேட்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பெட்டிகளைச் சேர்த்தால் ஏழு வருகிற துண்டுகள் எத்தனை என்பதுதான் கணக்கு.

"ஒவ்வொரு துண்டாய்க் கூட்டிப் பாக்கலாம். ஐஞ்சு பெட்டிக்கு அது சரி. லட்சம் பெட்டி எண்டால் கம்ப்யூட்டரும் களைச்சுப் போகும். அதாலை முதலிலை இருந்து கூட்டிக்கொண்டு வந்து, வந்த தொகையை ஒவ்வொரு பெட்டிக்குக் கீழையும் எழுதிறது."

எழுதினாள். மூன்று, ஏழு, ஒன்பது, பதினான்கு, பதினைந்து.

"இனித் துண்டு துண்டாய்க் கூட்டத் தேவையில்லை மாமி. கீழ் வரியிலை ஏழு வித்தியாசத்திலை ரெண்டு எண் நிக்குதோ எண்டு பாத்தால் காணும். பதினாலிலை ஏழு போனால் ஏழு. அப்ப அந்த ரெண்டுக்கும் இடையிலை உள்ள துண்டு ஏழு. ரெண்டும் ஐஞ்சும். அவ்வளவுதான், ஒரே ஒரு துண்டு. சரியே?"

எனக்கு நன்றாக விளங்கியது. ஏனென்றால் எங்கள் பின்வேலியில் நான் வருசா வருசம் செய்கிற வேலை அது. முன்பக்கம் மதில் கட்டியாயிற்று, பின்பக்கம் இன்னும் கதியால் தடிகளை நட்டு, பின்னிய தென்னோலைக் கிடுகு கட்டுகிற வேலிதான். வேலி அடைக்க வருகிறவர் ஒரே நாளில் முடிக்கமாட்டார். கதியாலைக் காட்டி, "இதிலை இருந்து அது மட்டும் எத்தினை கிடுகு வேணும்?" என்று தினமும் கேட்பார். எனக்கு அவரோடு நின்று கதைக்கக் கூச்சம். அதனால் அவர் வருவதற்கு முதலே பின்படலை வாசலிலிருந்து நடந்து, ஒவ்வொரு இடைவெளிக்கும் வேண்டிய கிடுகைக் கூட்டிக் கூட்டி, அந்தந்தக் கதியாலில் கரிக்கட்டியால் எழுதிவிடுவேன். இரண்டு கதியாலில் இருக்கிற எண்ணைப் பார்த்து அவரே கழித்துக்கொள்வார். நான் குசினிக்குள் சமையலோடு இருப்பேன்.

அதனால்தான் அந்தத் தாளைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் குத்தியது. முதல் இரண்டு பெட்டியில் மூன்றும் நான்கும். அதுவும் ஏழுதானே? அவள் அதை எண்ணவில்லை.

"சரியே மாமி?" என்று மறுபடி கேட்டாள்.

ஓம் என்றேன்.

பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான். ரீச்சர் கரும்பலகையில் எழுதிவிட்டு, "விளங்கிச்சுதோ?" என்று கேட்பா. எல்லோரோடும் சேர்ந்து ஓம் என்பேன். பிரித்தலில் மீதி ஏன் வருகிறது என்று எனக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை, கேட்டதுமில்லை. விளங்காததற்கு ஓம் சொல்லிச் சொல்லி, விளங்கியதில் பிழை தெரிகிறபோதும் வாயில் ஓம்தான் வந்தது. படித்த பிள்ளைக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்றும் ஒரு நினைப்பு.

அடுத்தநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "கிட்டத்தட்ட நேற்றையக் கணக்குத்தான் மாமி குடுத்தவை!" என்றாள். எனக்கு அந்த மூன்றும் நான்கும்தான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் பதில் வந்தது. எடுக்கவில்லை. ஏனென்றும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வந்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"தொடக்கத்திலை இருந்து வாற துண்டை விட்டிட்டன் மாமி. கீழ் வரியிலை முன்னுக்கு ஒரு பூச்சியம் போட்டால்தான் அதையும் கழிச்சுப் பாக்கலாம், மறந்து போனன். இன்டர்வியூ எடுத்தவர் நிச்சயமோ எண்டு ரெண்டு தரம் கேட்டவர். நான் யெஸ், யெஸ் எண்டு சொன்னனான்."

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியவே வந்திராது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் துருவ முடியவில்லை.

"எனக்கு அண்டைக்கே தெரிஞ்சது பிள்ளை."

"என்ன தெரிஞ்சது?"

"மூண்டும் நாலும் ஏழு எண்டு."

நிலையில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். பிறகு, இந்த வீட்டுக்கு வந்த நாலு வருசத்தில் முதல் தடவையாக, அவள் குரல் உயர்ந்தது.

"பிறகென்னத்துக்கு மாமி ஓம் எண்டு தலையாட்டினீங்கள்? அதுக்குத்தானே உங்களை முன்னாலை இருக்கச் சொன்னனான்!"

வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்குக் காது கூர்மை.

"என்னக்கா, மாமிக்கும் மருமகளுக்கும் இண்டைக்குத்தான் நாள் வந்ததோ?"

"இல்லையடி, கணக்கு!" என்றேன்.

"ஓமோம், எல்லாச் சண்டையும் கணக்கிலைதான் தொடங்கிறது!" என்று சிரித்துக்கொண்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண் கலங்கியபடியே சிரித்தாள். அந்தத் தைரியத்தில் நான் குசினி யன்னலால் கையை நீட்டிப் பின்வேலியைக் காட்டினேன்.

"உன்ரை தாளிலை முதற் கதியால் இல்லைப் பிள்ளை. ஐஞ்சு இடைவெளிக்குக் கதியால் ஆறு வேணுமெல்லே. உன்னட்டை ஐஞ்சுதான் நிண்டது. படலைக் கதியாலைக் காணேல்லை."

செருப்பும் போடாமல் இறங்கிப் போய்ப் பார்த்தாள். படலையோடு நிற்கிற பூவரசங் கதியாலில், போன தடவை நான் போட்ட கரி பாதி அழிந்து இன்னும் வட்டமாகத் தெரிந்தது.

"இதிலை பூச்சியமும் போட்டு வைச்சிருக்கிறீங்களே மாமி!"

"போடாட்டில் எங்கை இருந்து துவங்கிறது எண்டு அந்த மனிசன் என்னைக் கூப்பிட்டுக் கேக்கும். அந்தக் கரைச்சலுக்குத்தான்."

அவள் அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் அதிகம் பேசவில்லை. கோபமா கவலையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு வந்தது, இஞ்சியோடு.

மகன் சனிக்கிழமை வந்தபோது கொழும்பில் அறை பார்க்கிற கதை தொடங்கியது. அப்போது மருமகள், இன்னொரு கொம்பனிக்கும் போட்டிருக்கிறேன், அதுவும் வீட்டிலிருந்து செய்கிற வேலைதான், அது தெரியும்வரை பார்ப்போம் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனால் மாமி இனி ஓம் சொல்லக் கூடாது" என்றாள். மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன, அம்மாவை ஓம் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லிறாய்? அவவுக்கு வேறை என்ன சொல்லத் தெரியும்?" என்றான்.

அடுத்த சில கிழமைகள் தினமும் பின்னேரம் அந்தக் கதிரையில் இருந்தேன். விளங்காத இடத்தில் விளங்கேல்லை என்று சொல்லவேண்டும், அதுதான் என் வேலை. முதல்நாள் அந்தச் சொல் சுலபத்தில் வரவில்லை. கடைசியில் சொன்னேன், ஆனால் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, கலண்டர்த் தாளைப் பார்த்துச் சொன்னேன். அவள் முகம் கோணவில்லை. திரும்பச் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது, அவளே பேனையை நிறுத்தி, "இதிலை எனக்கே விளங்கேல்லை மாமி" என்றாள். அப்படி அகப்பட்ட பிழைகள் எத்தனையோ. கழித்தல் எண் வருகிற பெட்டிகளைப் பற்றி அவள் சொன்னது எனக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை. அதையும் சொல்லிவிட்டேன்.

இன்டர்வியூ அன்று காலை கதவைச் சாத்தவில்லை. லப்டொப்புக்குப் பின்னால், அவள் கண்ணுக்கு நேரே கதிரையைப் போட்டு என்னை இருத்தினாள். "அவைக்கு நீங்கள் தெரியமாட்டீங்கள். ஆனால் தலையாட்டக் கூடாது" என்றாள்.

எல்லாம் இங்கிலீசில் நடந்தது. எனக்கு எண்கள் மட்டும்தான் பிடிபட்டன. தொடங்கும்போதே அவள் 'சீரோ' என்று சொன்னது காதில் விழுந்தது. படலைக் கதியால் நட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் போனது. பிறகு அந்தப் பக்கத்து மனிதர் நீளமாக ஏதோ கேட்டார். அவள் பேனையைக் கீழே வைத்தாள். கண் என்னிடம் வந்தது. என் கழுத்து தன்பாட்டில் ஆடப் பார்த்தது. அவளைத் தேற்றுவதற்கு எனக்கு வேறு வழி தெரியாது. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை அசைக்காமல் இருந்தேன்.

அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு மெல்ல, இங்கிலீசில், ஒரு சின்ன வசனம் சொன்னாள். அந்த மனிதர் திரும்பவும், இந்தத் தடவை நிதானமாகச் சொன்னார். அவள் பேனையை எடுத்தாள்.

முடிந்த பிறகு கேட்டேன், அந்த இடத்தில் என்ன சொன்னாய் என்று.

"விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான் மாமி."

ஒரு கிழமையில் பதில் வந்தது. எடுத்துவிட்டார்கள். அவள் மகனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பின்வளவுக்குப் போய், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பண்டத்தரிப்புக்குப் போகத் தேவையில்லை. எனக்கு அதில் துளியும் விருப்பம் இருக்கவில்லை என்று மகனிடம் பிறகு ஒரு நாள் சொன்னேன். "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றான்.

இப்போது அவள் முன்னறையில் இருந்து வேலை செய்கிறாள். பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி போடுகிற வழக்கத்தை மட்டும் விடவில்லை. நேற்றும் கொண்டுவந்து தந்துவிட்டு, "நல்லாயிருக்கோ மாமி?" என்றாள்.

"ஓம்."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"இது எந்த ஓம்?"

நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

"இஞ்சி கூடிப் போச்சுப் பிள்ளை" என்றேன். "நாலு வருசமாய்."