பூட்டிக் கிடந்த ரொட்டிக்கடை

என் சகலைக்கு எது கிடைத்தாலும் எனக்கு வயிறு எரியும். என் மனைவியின் தங்கை புருஷன் அவன். எனக்குப் பிறகு ரொட்டி சுட வந்தவன். அவன் பன் நன்றாக உப்பினால் மாமியார் வீடு முழுக்க அதே பேச்சு. என் பன்னைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்கள்.

பெங்களூரில் தண்டு என்று சொல்லும் கண்டோன்மென்ட் மார்க்கெட்டில் ரொட்டி விற்க ஒரே ஒரு கடை காலியானது. இருவருமே மனுப் போட்டோம். யாருக்குக் கொடுப்பது என்பது சுகாதார ஆபீசர் முடிவு. ஒரு நாள் காலை அவர் சகலையின் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இருப்புக்கொள்ளவில்லை. என் கடையைப் பூட்டிவிட்டு ஓடி, அவன் கொல்லைச் சுவருக்குப் பின்னால் நின்றேன். ஆபீசர் மாவுத் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துச் சிரித்தார். அவர் போன பிறகும் நான் நகரவில்லை. அந்தப் பாவி எவ்வளவு சந்தோஷப்படுகிறான் என்று பார்க்க வேண்டியிருந்தது.

மார்க்கெட் கடை அவனுக்கே போயிற்று. நான் வக்கீலிடம் போனேன்.

"அவர் ரொட்டி மட்டம், உங்க ரொட்டி ஒசத்தின்னு கோர்ட்டுல சொல்லிப் பிரயோஜனமில்லை," என்றார் வக்கீல். "யாருக்குக் குடுக்கறதுங்கிறது ஆபீசர் இஷ்டம். ஜட்ஜ் அதுல கை வைக்க மாட்டார். ரெண்டு பேரையும் பார்த்துட்டு முடிவு பண்ணாரான்னு மட்டும் கேப்பார். உங்க கடைக்கு வந்தாரா?"

"வரவே இல்லீங்க."

"அப்ப அந்த உத்தரவு நிக்காது."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

விசாரணையன்று ஆபீசரின் குறிப்பை வாசித்தார்கள். சகலை கடையிலிருந்து அவர் நேராக என் கடைக்குத்தான் வந்திருக்கிறார். பூட்டியிருந்ததாம். கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்த நேரத்துல எங்க இருந்தீங்கன்னு ஜட்ஜ் கேக்கறார்," என்றார் வக்கீல்.

மாவு வாங்கப் போயிருந்ததாகப் புளுகினேன். நான் ஆபீசராக இருந்தால் இன்னொரு நாள் வந்து பார்த்திருப்பேன் என்றார் ஜட்ஜ். ஆனாலும் ஆபீசர் செய்தது முறைகேடு இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்.

வெளிப்படியில் சகலை என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆபீசர் என் கடையோட திரும்பிப் போறதாத்தான் இருந்தார்," என்றான் மெதுவாக. "எங்க சகலை கடையையும் ஒரு தடவை பாத்துடுங்க, அவர் ரொட்டி நல்லா இருக்கும்னு நான்தான் அனுப்பி வெச்சேன். நீங்க எங்க போயிருந்தீங்க?"

நல்லவன் என்ற பெயரையும் இவனே தட்டிக்கொண்டு போய்விட்டானே என்று அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.