காந்தம் எடுக்காத பட்டை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மழைக்காட்டு உயிரியல் படிக்க வெளிநாடு போயிருந்தேன். கூட வந்தவள் என் வகுப்புத் தோழி சோடாபுட்டி. கண்ணாடி அவ்வளவு தடிமன். இருட்டிவிட்டால் அதைப் போட்டும் பிரயோஜனமில்லை. விமான நிலையத்தில் அவள் அம்மா என் கையை விடவே இல்லை. "உன்ன நம்பித்தாம்மா அனுப்புறேன்" என்றார்.

எங்கள் வேலை புனுகுப்பூனைகளைப் பின்தொடர்வது. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிவிடுவோம். பூனை நடமாடினால் ஹெட்போனில் நிதானமாக டிக்... டிக்... என்று கேட்கும். அசையாமல் கிடந்தால் டிக்டிக்டிக் என்று படபடக்கும். அப்படிக் கேட்டால் பூனை செத்துவிட்டது என்று அர்த்தம். புதுப் பட்டை வந்தால், முதலில் எங்களில் ஒருவர் அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் ஒளிய வேண்டும். இன்னொருவர் ஆன்டெனாவோடு போய்க் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணாமூச்சிதான், ஆனால் மார்க் உண்டு.

அன்று ஒளிவது சோடாபுட்டியின் முறை. "இருட்டுறதுக்குள்ள வந்துடுடி. அப்புறம் எனக்கு மரமும் தெரியாது, நீயும் தெரிய மாட்ட."

மாலை ஐந்தரை. ஹெட்போனை மாட்டினேன்.

டிக்... டிக்...

ஒளியச் சொன்னால் ஊர் சுற்றுகிறாளே என்று திட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு மணி நேரம் போனது. இருட்டிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். வழியெல்லாம் சேறு. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

எதிரே ஒரு சதுப்பு. சத்தம் அதன் நடுவிலிருந்து வந்தது. அவள் அம்மாவின் முகம்தான் கண்ணில் நின்றது. உள்ளே கால் வைத்தேன். முழங்கால்வரை இறங்கியது. இன்னொரு அடி...

பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

சோடாபுட்டி.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"கத்து கத்துன்னு கத்துறேன், காதுல விழலையா? உன் டார்ச் வெளிச்சத்த மட்டும் பாத்துக்கிட்டு தட்டுத்தடுமாறி வரேன்!"

"நீ... எங்க இருந்த?"

"நம்ம கொட்டகைக்குப் பின்னாடிதான். உக்காந்த இடத்த விட்டு அசையல."

பேன்ட்டைத் தூக்கினாள். பட்டை காலில்தான் இருந்தது. அதில் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருந்தது. அதை எடுத்தால்தான் பட்டை வேலை செய்யவே ஆரம்பிக்கும்.

"அய்யோ... எடுக்க மறந்துட்டேன்டி."

ஹெட்போன் என் கழுத்தில் தொங்கியது.

டிக்... டிக்...

ஓடினோம். தூரம் கூடக் கூடச் சத்தம் குறைய வேண்டும்.

குறையவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினோம்.

நின்றது.

எங்கள் வேலையை மேற்பார்த்த பேராசிரியரிடம் சொன்னோம். அவர் சொன்னார். "போன வருஷம் ஒரு பொண்ணு இதே மாதிரி ஒளியப் போனா. திரும்பி வரல. அந்தப் பட்டையோட பேட்டரி எப்பவோ தீர்ந்திருக்கும். அதனாலதான் அதோட அலைவரிசையவே உங்க புதுப் பட்டைக்குக் கொடுத்தோம்."

அவளையும் ஆன்டெனா வைத்துத்தான் தேடினார்களாம். சதுப்புக்குள் யாராலும் இறங்க முடியவில்லையாம். தேடிய மூன்று நாளும் ஹெட்போனில் டிக்டிக்டிக் என்றே கேட்டதாம். அதைக் கேட்டுத்தான் தேடுவதை நிறுத்தினார்களாம்.

நான் கேட்டது அந்தச் சத்தம் இல்லை.

நிதானமாக...

டிக்... டிக்...