இடது தட்டுக் கற்கள்

வைரங்களைத் தரம் பிரிக்கும் அறையில், கழுகுக் கண் என்பதால், எல்லோரும் அவளைக் கழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே ஜன்னல், ஒரே வெள்ளைக் காகிதம், வலது கண்ணில் ஒரே லென்ஸ். இடுக்கியில் வைரத்தை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பாள். சுத்தமான கல் வலது தட்டுக்கு. அது மோதிரமாகும், தோடாகும். உள்ளே கரும்புள்ளி இருந்தால் இடது தட்டு. அது அரவை ஆலையில் பொடியாகி, கருங்கல் அறுக்கும் ரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும். வலது தட்டை இன்னும் மூன்று பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். இடது தட்டை ஒருவரும் சீந்த மாட்டார்கள். கழுகக்கா கழித்தால் கழித்ததுதான்.

வேலை அலுத்துப்போய் வெகுநாளாகிவிட்டது. பஸ்ஸில் போனால்கூட ஆளைப் பார்க்காமல் விரலில் இருக்கும் மோதிரத்தைப் பார்க்கிற கண். அவளுக்கே சலிப்பாக இருந்தது. ஆனால் கணவன் முதுகொடிந்து வீட்டோடு கிடக்கிறான், மகள் இன்னும் படிக்கிறாள். அலுப்புக்கெல்லாம் யார் லீவு கொடுக்கிறார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை காலை, எடுத்த கல்லிலெல்லாம் புள்ளி. பதினோராவது கல்லில்தான் அவளுக்கு உறைத்தது. கல்லைத் திருப்பினாள், புள்ளி திரும்பவில்லை. கண்ணை அசைத்தாள்; அது மெல்ல நகர்ந்துபோய், மறுபடி வந்து உட்கார்ந்தது. கல்லைக் கீழே வைத்துவிட்டு வெறும் காகிதத்தைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தது, சனியன்.

மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரம் அவள் கழித்ததெல்லாம் ஒரே பெட்டியில் இருந்தது. மூன்று மணிக்கு ஆலை வண்டி வரும். ஏற்றிவிட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பொடியில் எதைப் போய்க் கண்டுபிடிப்பது? வாயைத் திறந்தால் நாற்காலி போச்சு. கண் போனவளுக்கு இந்த அறையில் என்ன வேலை, டீ ஊற்றுகிற வேலையா?

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள், மூடினாள். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இதை ஏத்த வேணாம்மா. புள்ளி கல்லுல இல்ல, என் கண்ணுல இருக்கு."

மேற்பார்வைக்காரி வயதில் இளையவள். "விளையாடாதீங்கக்கா," என்று சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினாள். தானே லென்ஸை மாட்டிக்கொண்டு ஐந்து மணிவரை பார்த்தாள். நூற்று நாற்பதில் பதினேழு நல்ல கல்.

"நல்லவேளை, பதினேழும் தப்பிச்சுதுக்கா. நீங்க டாக்டரைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்."

அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று கழுகக்காவுக்குத் தெரியும். வருத்தமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கலாம் என்று ஆசையாகவும் இருந்தது. வாசலுக்குப் போனவளை மேற்பார்வைக்காரி மறுபடி கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் புள்ளி எப்பலேருந்து இருக்கு?"

போன வாரமா? போன வருடமா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பெட்டி போயிருக்கிறது. கழுகக்கா கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பார்த்தாள்.

"தெரியலம்மா," என்றாள்.