அக்கா போக வேண்டிய கூடாரம்

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்தேன். வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகள். என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனி நடத்தினார்கள். தீபாவளி சீசனுக்கு அவர்களிடம் லோடு லோடாகச் சரக்கு எடுக்கும் பெரிய வியாபாரி ஒருவர் ராஜஸ்தானில் இருந்தார். ஒரு தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். வாணவேடிக்கைக்கான ஆர்டரோடு வீட்டுக்கு அழைப்பும் வந்தது. கல்யாணம் முடிந்ததும் விருந்தாளிகளைப் பாலைவன ஓரத்தில் ஒரு பழைய சமஸ்தானத்து வேட்டைக்காட்டுக்குக் கூட்டிப்போவார்களாம். அங்கே இப்போது யாரும் வேட்டையாடுவதில்லையாம். மிருகங்களைப் பார்த்துக்கொண்டு, ராஜாக்கள் தங்கிய கூடாரத்திலேயே தங்கலாமாம்.

போக வேண்டியது கணவரின் அண்ணனான பெரியவரும் அக்காவும். அக்கா மதுரையைத் தாண்டிப் போனதில்லை. அங்கே குளிர் எலும்பைக் குத்தும் என்று யாரோ சொல்ல, கம்பளி நூல் வாங்கி, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரிடம் பழகி, ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். அடுப்படியில் நின்றபடியே "பானீ, கரம் பானீ" என்று தண்ணீருக்கும் வெந்நீருக்கும் இந்தி சொல்லிப் பார்த்துச் சிரிப்பாள். கிளம்புவதற்குச் சில நாள் முன்னால் எங்கள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுத்த படுக்கை.

அத்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் முதலில் சொன்னேன். ஆனால் அத்தைக்கு அக்கா கைதான் வேண்டும். நான் தொட்டாலே வலிக்கிறது என்று கத்தினார். டிக்கெட்டை என்ன செய்ய என்று பெரியவர் கேட்டபோது, அக்கா உள்ளே போய் ஸ்வெட்டரை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"நீயும் தம்பியும் போயிட்டு வாங்க. வந்து எனக்குச் சொல்லு பிள்ள."

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. வீட்டுக் கிணறு வற்றி, ஆமத்தூர்ப் பக்கமிருந்து வண்டியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. படுக்கையில் கிடப்பவரின் துணியை அந்தத் தண்ணீரில்தான் அலச வேண்டும். அதை அக்கா தலையில் கட்டிவிட்டு விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். ஏறும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை.

கூடாரம் என்றதும் ரெட்டைக் கம்பு நட்டுச் சாக்கு கட்டிய ஒன்றைத்தான் நினைத்திருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால், எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. உள்பக்கம் முழுக்கச் சிவப்பில் பூப்போட்ட துணி. காலை வைத்தால் புதையும் கம்பளம். செதுக்கு வேலை செய்த கட்டில். பின்னால் குளிப்பதற்கென்றே தனியாக ஒரு சின்னக் கூடாரம், அதில் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு தாமிரத் தொட்டி. முதல் ராத்திரி ரஜாய் என்ற பஞ்சுப் போர்வைக்குள் காலை நீட்டினேன். வெதுவெதுவென்று என்னமோ நெளிந்தது. அலறிக்கொண்டு எழுந்துவிட்டேன். என் கணவர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார். வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை! படுக்கை சூடாக இருக்கட்டும் என்று யாரோ வைத்திருக்கிறார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விடிந்ததும் மேல்மூடி இல்லாத ஜீப்பில் கூட்டிப்போனார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் மணலும் முள்ளுச்செடியும் மஞ்சள் புல்லும். திடீரென்று ஒரு மான்கூட்டம் எழுந்து ஓடியது. முறுக்கிய கொம்போடு கறுத்த கிடா ஒன்று, ஓடுகிற ஓட்டத்திலேயே ஆள் உயரத்துக்கு எம்பி எம்பிக் குதித்தது. கொஞ்சம் தள்ளி, கானமயில் என்ற பெரிய பறவை ஒன்று கழுத்தை நிமிர்த்தி, நிலம் அளக்க வந்த அதிகாரி மாதிரி நிதானமாக நடந்துபோனது. "இதை அக்கா பாத்திருக்கணும்" என்றேன். "அண்ணியும்தான் ஒருநாள் வருவாக" என்று சொல்லிவிட்டு என் கணவர் மானையே பார்த்தார்.

திரும்பி வந்தபோது தொட்டி நிறைய வெந்நீர் ஆவி பறக்கக் காத்திருந்தது. அதில் இறங்கி உட்கார்ந்தேன். அசதி கரைந்தது. வீட்டில் ஒரு நாளைக்கு எல்லோருக்குமாகப் புழங்கும் தண்ணீரில் நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்துவிட நினைத்தேன். எழவில்லை. நீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படித்தான்.

ஊருக்கு வந்து இறங்கினபோது அக்காவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையெல்லாம் சோப்பு தின்று வெடித்திருந்தது. நான் முகம் கழுவும் முன்பே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படி இருந்துச்சு? சொல்லு சொல்லு."

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"அத ஏங்க்கா கேக்குறீக! ஒரே மண்ணு. சோத்துல மண்ணு, தலையில மண்ணு. ராத்திரியெல்லாம் குளிரு. நாலு மானு தூரத்துல ஓடுச்சு, அம்புட்டுதான். நம்ம கரிசக்காடே தேவல."

"அப்படியா?" என்று கேட்டாள். அத்தை கூப்பிடுகிறார் என்று எழுந்து போனாள். அத்தை கூப்பிட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் மனசு நோகாமல் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒருநாள் மத்தியானம் அண்ணனும் தம்பியும் சாப்பிட உட்கார்ந்தார்கள். என் கணவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கம்பளம், கட்டில், தொட்டி, குதித்த கிடா என்று ஒன்று விடாமல் சொன்னார். ரப்பர் பைக்கு நான் அலறியதை நடித்தே காட்டினார். பெரியவர் புரையேறச் சிரித்தார். அக்கா ரசக்கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு ஊற்றினாள்.

சாயங்காலம் பின்கட்டில் அத்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"நான் வயிறெரிவேன்னு நெனச்சியோ?"

"இல்லக்கா..."

"பின்ன? அத்தைக்குப் பீயும் மூத்திரமும் அள்ளும்போதெல்லாம், இந்நேரம் அவ அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு இருப்பாளோன்னு நெனச்சுக்கிட்டேதான் அள்ளுனேன். நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுவான்னு இருந்தேன். நீ என்னன்னா மண்ணுங்குற."

நான் அழுதேன். அவள் அழவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"சரி, இப்பச் சொல்லு. மொதல்ல இருந்து."

அன்றைக்கும் அதற்கு அடுத்த நாட்களிலும், அத்தையின் கட்டிலோரம் உட்கார்ந்து வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளியபடி, எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி எம்புட்டு ஆழம், துணியில் என்ன பூ, அந்தப் பறவை கோழி மாதிரியா கொக்கு மாதிரியா என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். படுத்திருந்த அத்தைகூட, "அம்புட்டுத் தண்ணியிலயா குளிச்ச, பாவி!" என்றார். அக்கா சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அக்கா அங்கே போகவே இல்லை. அத்தை சில வருஷம் படுக்கையில் இருந்துதான் போய்ச் சேர்ந்தார். அதற்குள் அந்த வியாபாரியும் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். டிக்கெட் எடுத்து நாமே போவோம் என்று ஒருமுறை நான் சொன்னபோது, யார் வீட்டுக்கு என்று போவது என்று கேட்டாள்.

என்மேல் அவள் கோபத்தை வைத்துக்கொள்ளவில்லை. என் இரண்டு பிரசவத்தையும் அவள்தான் பார்த்தாள். ஆனால் அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும், சேலை நன்றாக இருக்கிறது என்றாலும், குழம்பு ருசி என்றாலும், உடம்பு சுகம்தான் என்றாலும், ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பாள்.

"நெசமாத்தான் சொல்றியா பிள்ள?"

குத்திக் காட்டுவதற்காக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் "நெசம்தாங்க்கா" என்பேன்.